முன்னால் ஒரு வகை டயர், பின்னால் ஒரு வகை டயர்: அட்டனிலிருந்து நுவரெலியா விசாரணைக்கு

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு வாடகைக் காரில் போனோம். இந்த நாட்டிலேயே பிறந்த அப்பா போட வேண்டியிருந்த பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு, அங்கே அரசாங்க அலுவலகமான கச்சேரியில் அன்று காலை பத்து மணிக்கு விசாரணை. அதே விசாரணைக்கு அதே பாதையில் இன்னும் எத்தனையோ பேர் போக வேண்டியிருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

அப்பாவின் பெயர் மாரிமுத்து. அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அதே தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். வேலையிலிருந்து நின்ற பிறகு என்னோடு இருக்கிறார். நான் அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. விசாரணையில் கைநாட்டு வைக்கக் கூடாது, கையெழுத்துத்தான் போட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அறுபது வயதில் என் மாணவர்களின் சிலேட்டில் நான்கு மாதம் எழுதிப் பழகினார். "மாரிமுத்து" என்பதில் "த்"தின் புள்ளியை மட்டும் மறந்துவிடுவார். விசாரணைக்கு முந்தின வாரம் அதையும் மறக்காமல் போட்டார்.

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் காலை பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பிறகு என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. அதனால் நாற்பது ரூபாய் பேசிக் கார் அமர்த்தினேன். அட்டனில் மூன்று கார் வைத்து வாடகைக்கு விடும் ஒரு முதலாளியின் கார் அது. அவர் முன் டயரைக் கையால் தட்டிக் காட்டினார்.

"பாருங்க டீச்சரம்மா, சீமை டயர். உள்ளுக்குக் கம்பி வச்சது. இந்த மலைநாட்டிலேயே பத்துப் பேருகிட்டத்தான் இருக்கும். பயமில்லாம போங்க."

பார்த்தேன். கறுகறுவென்று புதிதாக இருந்தது. பின்னால் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் போனால் பின்னால் போய்ப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் அது நிற்கட்டும்.

காலை ஆறு ஐம்பதுக்குப் புறப்பட்டோம். சாரதியின் பெயர் வேலு, முப்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். அப்பா முன் இருக்கையில், நான் பத்திரப் பையோடு பின்னால். கொட்டகலை தாண்டும்போது தூறல் பிடித்தது. வளைவுகளில் வேலு ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்புவதைக் கவனித்தேன். "என்னங்க?" என்று கேட்டேன்.

"பின்பக்கம் வாலாட்டுதுங்க டீச்சரம்மா. தலவாக்கலையில ஒருக்கா பாத்துட்டுப் போயிருவோம்."

தலவாக்கலை பதினோரு மைல். ஏழு நாற்பதுக்குச் சேர்ந்தோம். அங்கே ஹனீபா நானா என்பவர் டயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். கடை திறந்து அரை மணிதான் ஆகியிருக்கும், கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து முன் டயரின் பக்கத்தை விரலால் அழுத்தினார், பின் டயரையும் அழுத்தினார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"வேலு, இத யார் போட்டது?"

"முதலாளிதான் நானா. ஒரு துரை சீமைக்குப் போறப்ப வித்த காருலருந்து கழட்டினது. அதுல நல்ல டயரு ரெண்டுதான் கெடச்சிச்சாம்."

"அப்ப பின்னுக்குப் போட வேணாமா? முன்னுக்கு இருக்கிறது கம்பி டயர், தரையப் புடிச்சா விடாது. பின்னுக்கு உள்ள நூல் வச்ச டயர், அதுவும் தேஞ்சதுக்கு மேல ரப்பர் ஒட்டினது. மழையில முன் சில்லு ரோட்டப் புடிச்சிட்டு நிக்கும், பின் சில்லு ஒங்கள விட்டுட்டுத் தனியாப் போயிரும். வழுக்கப் போகுதுன்னு சொல்லிட்டுக்கூடப் போகாது."

"நானும் சொன்னேன் நானா. வர்ற ஆளுக கண்ணுக்கு முன் டயருதான் தெரியும், புதுச முன்னாலதான் போடணும்னுட்டாரு."

ஹனீபா நானா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நாற்பது நிமிஷம் தாங்க. நாலையும் கழட்டி, கம்பி டயரப் பின்னுக்கு மாத்தித் தாறேன். நாலும் ஒண்ணா இருக்கிறதுதான் சரி. ஆனா மாத்திப் போட்டா, வழுக்கினாலும் காரோட மூக்குத்தான் வழுக்கும். வேலுவால சமாளிச்சுக்க ஏலும்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இதைப் பற்றித்தான் எனக்கு என் மேல் ஆத்திரம். ஏழு நாற்பத்தைந்து. நாற்பது நிமிடம் போனால் எட்டு இருபத்தைந்து. மீதிப் பதினெட்டு மைலுக்கு ஒரு மணி பத்து நிமிடம். ஒன்பது முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இந்தக் கணக்கை அன்று போடவில்லை. நேரம் போகிறது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

"வேண்டாம் நானா, வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். வேலு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சீக்கிரம் போங்க" என்று அவரிடமும் சொன்னேன்.

லிந்துலை தாண்டி நான்கு மைல். மழை வலுத்துவிட்டது, மேட்டுப் பக்கத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் இறக்கத்து வளைவில் எதிரே லொறி ஒன்று வந்தது. வேலு வேகத்தைக் குறைத்தார், அவ்வளவுதான். பிரேக்கைக்கூட அழுத்தவில்லை. காரின் முன்பக்கம் வளைவில் ஒழுங்காகத் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை. என் முதுகுக்குப் பின்னால் யாரோ காரைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் நாங்கள் வந்த வழியைப் பார்த்து நின்றோம். அப்பா இருந்த பக்கம் மண்மேட்டில் மோதி, சில்லு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியிருந்தது. சுழலும்போது இன்னும் மூன்று முழம் எதிர்ப் பக்கம் போயிருந்தால் கீழே ஆறு.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் பார்க்கப் பின்னால் திரும்பியபோது அப்பாவின் வலது தோள் கதவில் மோதியிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்க முடியவில்லை. வேலு ஓடிவந்து தன் சால்வையால் அந்தக் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் அப்பா" என்றேன்.

"மொதல்ல கச்சேரிக்குப் போவோம் பாப்பா. அங்க பேரக் கூப்புட்டுருவாங்க. தோளு எங்கயும் ஓடிப் போயிராது."

எதிரே வந்த லொறி நானுஓயாவில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. சிங்களச் சாரதி. நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே இறங்கி வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, லொறியைத் திருப்பி, ஆறு மைல் பின்னோக்கிக் கொண்டுபோய் எங்களை நானுஓயாவில் நுவரெலியா பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அவர் பெயரைக் கேட்கக்கூட அப்போது எனக்குப் புத்தி இல்லை. வேலு காரோடு நின்றுவிட்டார்.

கச்சேரிக்குள் நுழையும்போது மணி பத்து ஐம்பது. பத்து இருபதுக்கே பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். விசாரணை மொழிபெயர்ப்பாளரிடம் கெஞ்சினேன். அவர் அப்பாவின் கையில் கட்டியிருந்த சால்வையைப் பார்த்தார், உள்ளே போய்ப் பேசினார், கடைசியாகக் கூப்பிடுவதாகச் சொன்னார். மூன்று மணி வரை அப்பா மரப் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வலி வரும்போது கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். உள்ளே பதினைந்து நிமிடம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் தாளை நீட்டினார்கள். வலது கை எழவில்லை. இடது கையால் பேனாவைப் பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, இடது பெருவிரலை மையில் வைத்தார்.

காறை எலும்பு முறிந்திருந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று நாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகப் போன மாதம் கடிதம் வந்தது. எலும்பும் கூடிவிட்டது, ஆனால் கை தோளுக்கு மேல் எழுவதில்லை. கடிதத்தைப் பார்த்து அப்பா சந்தோஷப்பட்டார். சிலேட்டை மட்டும் பிறகு கேட்கவேயில்லை.

இனி முதலாளி. வேலு கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று பொலிசில் சொல்லி, அவரை வேலையை விட்டும் நிறுத்திவிட்டார். கேட்கப் போனேன். தன் கடை வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்:

"டயரு என்னங்க செய்யும் டீச்சரம்மா? நீங்கதானே வெரட்டுனீங்களாம்?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்து என் வாயை அடைக்கலாம் என்று நினைத்தார். அங்கிருந்து நேரே பொலிசுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். தலவாக்கலையில் டயரை மாற்ற விடாதது நான், சீக்கிரம் போகச் சொன்னதும் நான் என்று முதலில் எழுதச் சொன்னேன். டயரை அப்படிப் போட்டது யார், சாரதி சொன்ன பிறகும் ஏன் மாற்றவில்லை என்பதை அடுத்து எழுதச் சொன்னேன். ஹனீபா நானாவும் கடையை மூடிவிட்டு வந்து சாட்சி சொன்னார். வேலு மேல் வழக்குப் போடவில்லை. இப்போது தலவாக்கலையில் ஒரு மரக்கறிக் கடை லொறி ஓட்டுகிறார். முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

போன சனிக்கிழமை அட்டன் கடைவீதியில் அதே கார் நின்றது. நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி வர்ணம் பூசியிருந்தார்கள். கந்தப்பளைக்குப் போக ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. புருஷன், பெண்சாதி, மடியில் குழந்தை. முதலாளி முன் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். அதே ஒட்டு டயர்.

காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"எறங்குங்க" என்றேன் அந்தப் பெண்ணிடம். "இந்தக் கார் எங்கப்பா தோளை முறிச்ச கார். எறங்கி வந்து பின்னாடி டயரப் பாருங்க. பாத்த பிறகும் போகணும்னு தோணினா போங்க."

"வழிய விடுங்க டீச்சரம்மா, யாவாரத்தக் கெடுக்காதீங்க" என்று முதலாளி கத்தினார். புதுச் சாரதி ஹோர்ன் அடித்தார். கூட்டம் கூடிவிட்டது. வகுப்பில்கூட நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. நான் நகரவில்லை. முதலில் இறங்கியது அந்தப் பெண்தான். பின்னால் போய்ப் பார்த்தாள். முன்னால் வந்து பார்த்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, "சாமான எறக்குங்க" என்றாள்.

நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அட்டனிலிருந்து இருபத்தொன்பது மைல், மழையில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். காரில் ஏறும் முன் நான்கு சில்லையும் சுற்றிப் பாருங்கள். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் முன்னாலும் பின்னாலும் வேறு வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நல்ல ஜோடி முன்னால், தேய்ந்த ஜோடி பின்னால் என்றால் ஏறாதீர்கள். சாரதி நிறுத்த வேண்டும் என்று சொன்னால் நிறுத்த விடுங்கள். முதலாளி கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.