தனக்கோடி அம்மாள் பாடிய பொய் ஒப்பாரி

செய்தி எனக்கு மந்தாரக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"அந்த நாடகக்காரி போயிட்டாளாம்க்கா."

"எவ?"

"அதான், கருநாக்கு. ரெண்டு நாளா கதவு தொறக்கலன்னு பால்காரன் சொல்லிகினு வந்தான். போயி பாத்தா முடிஞ்சி போச்சி."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அவ பேச்ச எடுக்காத."

பேருந்து வந்தது. அவர்கள் பின்னாலேயே ஏறினேன். இறங்கும்வரை அவர்கள் வேறு எதையோ பேசிச் சிரித்தார்கள்.

அவருக்குத் தனக்கோடி என்று ஒரு பெயர் இருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஞாயிற்றுக்கிழமை நாடகம் பார்த்தவர்கள் அவரை மறந்திருக்க முடியாது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

காடாம்புலியூரில் முந்திரி உடைக்கும் வீட்டில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியோடு போனார். மகனைப் பறிகொடுத்த தாயாக முதன்முதலில் மேடை ஏறியபோது, அவர் ஒப்பாரியை எடுத்ததுமே கொட்டகை முழுக்கச் சிரித்ததாம். "அழுவத்தான் போனேன், சிரிச்சிட்டானுங்க. சரி, இனிமே அழுதே சிரிக்க வெப்போம்னு உட்டுட்டேன்" என்பார். முப்பது ஆண்டுகள் அதுதான் அவர் தொழில்.

நெய்வேலியில் நாடக மன்றங்கள் முளைத்தபோது குவார்ட்டர்ஸ் வீட்டுப் பெண்கள் நடிக்க வரவில்லை. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்த தனக்கோடி அம்மாளைக் கூப்பிட்டார்கள். எங்கள் மன்றச் செயலாளர் திருநெல்வேலிக்காரர். முதல் ஒத்திகையிலேயே சொன்னார்: "என்னம்மா இது, வந்துகினு போயிகினுன்னு. எல்லா ஜில்லாக்காரனும் பாக்க வாறான். நல்ல தமிழ்ல பேசப்படாதா?"

"ரெண்டு காட்சி உங்க தமிழ்ல பேசறங்க. ஒருத்தனும் சிரிக்கலன்னா அப்புறம் எங்க வூட்டுத் தமிழு."

இரண்டு காட்சியும் அமைதியாகப் போயின. மூன்றாவதில், "வந்துகினே தான இருக்கறன், அதுக்குள்ள என்னாத்துக்குக் கூவற?" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். ஆள் வெளியே வருமுன்பே அரங்கம் குலுங்கியது. அதற்குப் பிறகு செயலாளர் எதுவும் சொன்னதில்லை.

அந்த மன்றத்துக்கு விளக்குப் போடுகிறவர் என் அப்பா. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து நன்றாக இருந்ததால் வசனத்தைப் படியெடுப்பதும், திரை ஓரத்தில் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. யார் கண்ணிலும் படாத இடம் என்பதால் அது எனக்குப் பிடித்திருந்தது.

எல்லோரும் காத்திருப்பது அவருடைய பொய் ஒப்பாரிக்குத்தான். பார்க்க வந்தவர்கள் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுவார்கள். அம்மாள் ஒன்றை எடுத்து, அந்த ஆள் செத்துப்போனதாக மாரடித்து அழுவார். "ஷிப்டுக்குப் பிந்தி வந்து கேண்டீனுக்கு முந்திப் போன மவராசா, உன் பங்கு வடைய இனி எவன் திம்பான்" என்று அவர் இழுக்கும்போது, உயிரோடு உட்கார்ந்திருக்கிற மகராசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். டப்பா எப்போதும் நிரம்பித்தான் இருந்தது.

அதில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. "ஆளு எதிர்ல உக்காந்திருக்கணும். அவன் சிரிச்சாத்தான் நான் அழுதது பொய்யாவும். சிரிக்கலன்னா அது நெசமா நின்னுடும்" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் விளையாட்டு இருக்காது. ஒருமுறை அவர் இதைச் சொல்லி முடிக்கவும் சுரங்கத்தில் வெடி வைக்கவும் சரியாக இருந்தது. ஒத்திகைக் கூடத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாளுக்குச் சேலை மாற்ற நேரமாகிவிட்டது. "நீயே ஒண்ணு எடு பொண்ணே. ஆளு இருக்கறானா பாத்துட்டு எடு" என்றார். சுரங்கத்துப் பெல்ட் செக்‌ஷன் கோவிந்தசாமி முன் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அவர் சீட்டையே எடுத்துக் கொடுத்தேன். அம்மாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையின் எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

அதற்குப் பிறகு ஒருவர் குனிந்து வந்து கோவிந்தசாமியின் காதில் ஏதோ சொன்னார். யாரோ ஷிப்டுக்கு வரவில்லை போலிருக்கிறது. அவர் எழுந்து வெளியே போனார்.

அம்மாள் மேடைக்கு வந்து என் பக்கமாகவே உட்கார்ந்தார், கை நீட்டினால் தொடும் தூரத்தில். ஆள் இல்லை என்று இரண்டு சொல் போதும். எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் அது வசனத்தில் இல்லை. என் குரல் முன் வரிசைக்குக் கேட்டுவிடும் என்று கூசினேன். அவர் தலையைக் குனிந்து மாரடிக்கத் தொடங்கிவிட்டார்.

சபை சிரித்தது. கடைசி அடியில் வழக்கம்போல் எழுந்து கையை நீட்டி, "எங்க என் ராசா?" என்றார். நாற்காலி காலியாக இருந்தது. அதற்கும் சபை சிரித்தது. ஒரு சொல்லும் தவறாத அம்மாள், நீட்டிய கையோடு அப்படியே நின்றார். அப்பா விளக்கை அணைத்தார்.

நாலாம் நாள் ஷிப்ட் முடிந்து வந்த கோவிந்தசாமி, வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கேயே சரிந்தார். மாரடைப்பு என்றார்கள். துக்கத்துக்கு வந்த தனக்கோடி அம்மாளை இறந்தவரின் மைத்துனர் வாசலில் மறித்தார். "நீ ஒரு தடவ அழுதது போதும். அப்பிடியே திரும்பிப் போ." பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அம்மாள் தலையைக் குனிந்தபடி வெயிலில் நடந்து போனார்.

மன்றத்தில் செயலாளர் கேட்டார்: "அந்தச் சீட்ட யாரு எடுத்தது?"

நான் அப்பாவின் பின்னால் நின்றேன்.

"நான்தான் எடுத்தேன்" என்றார் அம்மாள்.

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா. ஆனா சனங்க வரமாட்டாங்களே."

"தெரியுதுங்க."

அதன் பிறகு எந்த மன்றமும் அவரைக் கூப்பிடவில்லை. மந்தாரக்குப்பம் கடைகளில் காலையில் முதல் போணிக்கு அவர் வந்தால், கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னார்கள்.

ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார்.

"ஏம்மா என்னக் காட்டிக் குடுக்கல?"

"ரெண்டு தடவ உன்னப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. கருநாக்குன்னு பேரு வந்தா எனக்கு நாடகத்தோட போவும். உனக்கு எதுவும் மிஞ்சாது." பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறன். அவன் எழுந்து போனத நீ பாத்தியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப சரி. நான்தான் பாத்திருக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள் அவர் அந்தத் தெருவில்தான் இருந்தார். அழுவதை அடியோடு விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். சொந்த அண்ணன் சாவுக்குக்கூட வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாராம். தன் வாய்க்கு அவரே பயந்துவிட்டார். நான் பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன், எனக்குக் கல்யாணமும் ஆனது. வழியில் பார்த்தால் சிரிப்பார். நின்று பேசமாட்டார், தன்னோடு பேசுவதை யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று எனக்காக.

கோவிந்தசாமி வீட்டாருக்கும், அவரைக் கருநாக்கு என்றவர்களுக்கும் சொல்கிறேன். சீட்டை எடுத்தது நான். அவர் எழுந்து போனதைப் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை. ஒரு சொல் ஆளைக் கொல்லுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொல்லாமல் விட்ட சொல் ஒரு பெண்ணை எட்டு ஆண்டுகள் என்ன செய்தது என்று தெரியும்.

தனக்கோடி அம்மாளின் பெட்டியையும் பாத்திரங்களையும் அண்ணன் பிள்ளைகள் எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பெயரை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இனி கருநாக்கு என்று சொல்ல வேண்டியிருந்தால் என்னைச் சொல்லுங்கள்.