அப்பளசாமி அண்ணன் மாத்தி அனுப்பின குரலு

எனக்குப் பேத்தி பொறந்ததுல இருந்து வாய் ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது. மக நித்தியா ரவாங் டவுன்ல இருந்து தெனமும் புள்ள படத்த அனுப்புறா. கொட்டாவி விட்டா ஒரு படம், தும்முனா ஒரு படம். அதக் காட்டலாம்னுதான் அன்னிக்கு மத்தியானம் பக்கத்து வீட்டு அப்பளசாமி அண்ணன்கிட்டப் போனேன். அங்க நடந்தத எழுதுறேன். நான் லோரி ஓட்டினவன், ஆறாம் வகுப்போட நின்னவன். பேசுற மாதிரிதான் எழுத வரும்.

அண்ணன் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லுல லோரி நிறுக்கிற எடத்துல வேல பாத்தவரு. நான் செம்பனைக் குலை ஏத்திக்கிட்டுப் போனா ஜன்னல்ல தலைய நீட்டி, "ஏன்டா ராஜு, பாதிய சுங்கை புரோங் வயல்ல எறக்கிட்டு வந்தியா?"ன்னு கேப்பாரு. அப்படி ஒரு வாய். சம்சாரம் இராஜம்மா அண்ணி போனப்புறம் அந்த வாய் அடங்கிப்போச்சு. ஒரே மகன் பவனேஷுக்கு அயர்லாந்துல கம்ப்யூட்டர் வேல. வீட்டுல அண்ணனும் ஒரு பூனையும்தான். அந்தப் பூனையும் பாதி நாள் எங்க வீட்டுலதான் கெடக்கும். குளிக்கப் போறப்பக்கூட ரேடியோவப் போட்டுட்டுத்தான் போவாரு. யாராச்சும் வந்தா வீட்டுல ஆளு இருக்குன்னு தெரியட்டும்பாரு. யாரு வர்றா?

அண்ணி இருக்கறப்ப மகனுக்கு ஒரு தடவ போன்ல நீளமா பேசி அனுப்புனாங்க. அப்ப அண்ணன் மில்லுல இருந்தாரு. என்ன பேசினாங்கன்னு அவருக்குத் தெரியாது. அண்ணியோட போன் கெட்டுப்போயி எறிஞ்சாச்சு. அந்தப் பேச்சு பவனேஷ் வீட்டு கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருந்துச்சு. இந்த வருசம் தெவசத்துக்குப் படையல் போட்டு அந்தக் குரல முழுசா கேக்கணும்னு அண்ணனுக்கு ஒரே நெனப்பு.

"வாட்ஸ்அப்ல போட்டு விடுடா"ன்னா மகன் கேக்கல. "அம்மா குரல எவனோ ஒருத்தன் கம்பெனி வழியா ஏன்ப்பா அனுப்பணும்? என் கம்ப்யூட்டர்ல இருந்து நேரா ஒங்க கம்ப்யூட்டருக்கு வரட்டும்"னான். அதுக்கு எஸ்.சி.பி.ன்னு ஒன்னு இருக்காம். கறுப்புத் திரையில ஒரே ஒரு வரி அடிக்கணும். எங்க இருந்து எடுக்கணும்கிறது மொதல்ல, எங்க கொண்டாந்து வைக்கணும்கிறது அடுத்தது. சீல் வெச்ச லோரி மாதிரி அது. வழியில எவனும் தொறந்து பாக்க முடியாது. அங்க இருந்து அவனே தள்ளிவிடவும் முடியாதாம். "ஒங்க வீட்டுக்குள்ள வர எனக்கு வழி இல்லப்பா. நீங்கதான் இங்க வந்து எடுத்துக்கணும்"னுட்டான்.

முந்தின நாளு அவன் போன்ல சொல்லச் சொல்ல அண்ணன் அடிச்சிருக்காரு. நடுவுல மழை புடிச்சு லைன் அறுந்துபோச்சு. அண்ணி பேச்சுல ஆரம்பம் கொஞ்சூண்டுதான் அண்ணன் கம்ப்யூட்டருக்கு வந்துச்சு.

நான் உள்ள போறப்ப கம்ப்யூட்டர் முன்னாடி குளிச்சுட்டு, திருநீறு பூசி உக்காந்திருக்காரு.

"வாடா, உக்காரு. ஒங்க அண்ணி வர்றா."

நான் போன எடுத்த கைய அப்படியே பாக்கெட்டுல வெச்சுட்டேன்.

"பவனேஷ கூப்புடலையாண்ணே?"

"அங்க இப்பதான் விடியுது. தூங்கட்டும். ஒரு வரிதானே, எனக்கு அடிக்கத் தெரியாதா?"

ஒத்த வெரலால அடிச்சாரு. அப்புறம் பாஸ்வேர்டுங்கிற ரகசியச் சொல்லு. திரையில ஒரு எழுத்தும் காணோம்.

"கீபோர்டு செத்துருச்சு போலண்ணே."

"அது அப்படித்தான்டா. நீ எட்டிப் பாக்குறன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"நான் பாத்து என்ன பண்ணப்போறேன் லா!"

சிரிச்சுக்கிட்டே என்டரத் தட்டினாரு. டக்குனு நூறு பர்சென்ட்டுன்னு வந்துருச்சு. "பாத்தியா, நேத்து அவ்வளவு நேரம் இழுத்துச்சு!"ன்னு சத்தத்தக் கூட்டி வெச்சாரு.

"பவனேசு, அம்மா பேசுறேன். கேளு சாமி, நான் ஒன்னு சொல்லணும்..."

நின்னுபோச்சு. திரும்பப் போட்டாரு. அதே எடத்துல நின்னுச்சு. மகனக் கூப்பிட்டாரு. தூக்கக் கலக்கத்துல எடுத்தான். ஸ்பீக்கர்ல போட்டதால எனக்கும் கேட்டுச்சு.

"அடிச்ச வரியப் படிங்கப்பா."

படிச்சாரு. அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுற சத்தம் கேட்டுச்சு.

"அப்பா... மாத்திப் போட்டுட்டீங்க."

எனக்கு ஒடனே புரிஞ்சுபோச்சு. மில்லு சீட்டுல மலாய்ல மேல கெப்பாடா, கீழ டாரிபாடான்னு இருக்கும். போற எடத்த மொதல்ல எழுதி, வந்த எடத்த அப்புறம் எழுதுறது. வாழ்நாள் பூரா எழுதின கை அப்படியே அடிச்சுருச்சு. அங்க இருக்கறது இங்க வராம, நேத்து இங்க வந்த துண்டுப் பேச்சு அங்க போயி முழுப் பேச்சு மேல உக்காந்துருச்சு. ரெண்டுக்கும் ஒரே பேரு. பழச அழிக்கவான்னு அது ஒரு வார்த்த கேக்கலையாம்.

"வேற எங்கயாச்சும் வெச்சிருக்கியாடா?"

"இல்லப்பா. என்னோட பழைய போனும் இப்ப இல்ல."

அண்ணன் மேசை ஓரத்தப் புடிச்சுக்கிட்டாரு.

"சரி, போவுது. நீதான் கேட்டிருக்கியே. மிச்சம் என்ன சொன்னா? நீ சொல்லு, போதும்."

லைன் போச்சோன்னு நான் போன எட்டிப் பாத்தேன்.

"நான் முழுசா கேக்கலப்பா. வந்தன்னிக்கு வேல. அப்புறம் கேட்டுக்கலாம்னு எடுத்து வெச்சேன். அம்மா போனதும் கேக்கத் தைரியம் வரல."

அண்ணன் திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டல. "என்னப் பத்தித்தான் கோள் சொல்லியிருப்பா. ஈரத்துண்ட நாக்காலியில போடுறேன்னு"ன்னாரு.

"என்னய முடி வெட்டச் சொல்லியிருப்பாங்கப்பா."

"ஆமா, பரட்டத் தல."

அவன் சிரிச்சானா அழுதானான்னு தெரியல. "வேலைக்கு நேரமாச்சுப்பா, சாய்ந்தரம் கூப்புடுறேன்"னு வெச்சுட்டான்.

என்ன சொல்லன்னு தெரியாம நான் கெளம்பி வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு இருந்தேன். உள்ள அண்ணன் மறுபடியும் போட்டாரு.

"...கேளு சாமி, நான் ஒன்னு சொல்லணும்..."

"ம், சொல்லு"ன்னாரு.