ஜரீனா அக்கா சொன்ன முடிவு

ஊரே கொண்டாடிய அந்தப் படத்தை நான் இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை. பார்க்கவும் போவதில்லை.

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஞாயிறன்று பார்த்த படத்தைத் திங்களன்று மேஜையைச் சுற்றி நின்று பேசித் தீர்ப்போம். அந்த வாரம் எல்லாரும் அந்தப் படத்துக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்தேன்.

"நீ பாக்கலயா கண்ணு? நாஞ் சொல்றேன்" என்றார் எதிரே நின்ற ஜரீனா அக்கா. பனியனைப் புரட்டி ஓட்டை தேடியபடியே, சூப்பர்வைசர் வந்தால் நிறுத்தி, போனதும் தொடர்ந்து, மதியம் வரை சொன்னார். மகனுக்காக உழைத்து நோயில் விழுந்த ஒரு தாயின் கதை.

"கடைசில என்னாச்சுங்க்கா?"

அக்கா கையிலிருந்த பனியனை இன்னொரு முறை புரட்டினார். "அந்தம்மா பொழச்சு ஊட்டுக்கு வந்துருவாங்க கண்ணு."

போன பொங்கலுக்கு அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். நானும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். கணவர் என் காதோரம் குனிந்து, "கடைசில அந்தம்மா செத்துருவாங்க. நல்ல நாளும் அதுவுமா இதைப் பாக்கோணுமா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று மேஜையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் முடிவு தெரியும். ஒரு பாட்டு வரி தப்பினால்கூடச் சண்டைக்கு வரும் வாயாடிகள். ஒருத்திகூட அக்காவைத் திருத்தவில்லை.

டிவியை அணைத்தேன்.

"ஏஞ்சாமி, நல்லாத்தான போயிட்டிருந்துச்சு?" என்றாள் அம்மா.

"கதை எனக்குத் தெரியுங்கம்மா. அந்தம்மா பொழச்சு ஊட்டுக்கு வந்துருவாங்க."