சிலமலை விலக்கில் யாரும் சொல்லாதது

“கொஞ்சம் நில்லு ஆத்தா” என்று சொல்லி முடிப்பதற்குள் மகாராணியின் கை அந்தப் பெண்ணின் தோளுக்குப் போய்விடுகிறது. போடி பேருந்து நிலையத்தில் தேனி பஸ் புறப்படப் போகிறது. இடுப்பில் பிள்ளையும் கையில் கட்டைப்பையுமாக, சங்கிலி வெளியே தொங்க, படியில் கால் வைத்தவர் திடுக்கிட்டுத் திரும்புகிறார். எதிரே காக்கிச் சட்டை, அதற்கு மேலே உதட்டில் கவ்விய ஓர் ஊக்கு. சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து அந்த ஊக்கை மாட்டி, முந்தானையை இழுத்து மேலே மூடி, “இப்பப் போ. எவனும் தொட்டான்னா ரவிக்கை இழுபட்டு ஒனக்குத் தெரிஞ்சு போகும்” என்கிறார் மகாராணி. பஸ் நகர்ந்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வருகிறது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கிறார். அதற்குள் மகாராணி அடுத்த கழுத்துக்குப் போயிருக்கிறார்.

திருவிழாக் கூட்டத்தில் பெண் போலீசார் இப்படி ஊக்கு மாட்டிவிடுவது வழக்கம்தான். மகாராணிக்கு மட்டும் திருவிழா முடிவதே இல்லை. போடியைச் சுற்றிய கிராமங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு காவல் நிலையத்தில் அவர் தலைமைக் காவலர். வயது நாற்பத்தைந்தைத் தொடுகிறது. ஊருக்குள் அவர் பெயர் பலருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் ஏட்டம்மா.

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் கொல்லைக் கதவுக்குத்தான் போகும். கணவரின் அண்ணன் வீட்டு விருந்தில் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, “ஏக்கா, ஒங்க சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. எனக்கே தெரியுதுன்னா எவனுக்கும் தெரியும்” என்று வீட்டுக்காரியிடம் சொன்னார். ஏலக்காய்க் கிடங்கில் வேலை பார்க்கும் அவர் கணவர் முத்துக்கிருஷ்ணன், “திங்க வந்த எடத்துலயுமா ஒஞ்சோலி” என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த அக்கா அன்றைக்கே சாவியை இடம் மாற்றினார். இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அவர்மேல் மனத்தாங்கல் உண்டு. பிள்ளை பிடிக்கிற கும்பல் மாவட்டத்துக்குள் இறங்கியிருக்கிறது, வெளியூர்க்காரன் எவனைக் கண்டாலும் விடாதீர்கள் என்று மாதத்துக்கு ஒரு குரல் பதிவு வந்து விழும். மகாராணி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் போடுவார்: “எந்த ஊரு, எந்த ஸ்டேஷன், புள்ள பேரு என்ன?” அதற்கு மேல் குழுவில் சத்தமிருக்காது. “கம்பளி விக்கிறவனைப் பாத்துப் பயப்புடுறாக. ஆனா நாள் கணக்காப் பூட்டிக் கெடக்குற வீட்டு வாசல்ல திருடனுக்கு வழி காட்டுற மாதிரி பேப்பர் சேந்து கெடக்கும், அதை எடுத்துப் போட ஆளிருக்காது” என்பார். பயப்படாதே என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் நிலையத்தில் ஆய்வாளர் அறைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. திருட்டு, வழிப்பறி நடந்த இடங்களில் சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். பொட்டு நெருக்கமாக இருக்கும் பக்கம் ரோந்து கூடுதலாகப் போகும். போன ஐப்பசியில், பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குள் பிரியும் சிலமலை விலக்கு ரோட்டில் ஒரு பொட்டுகூட இல்லை. ஆய்வாளர் செழியன் அதைக் காட்டி, “அந்தப் பக்கம் நமக்குத் தொல்லையே இல்லை” என்றார். நல்ல மனிதர், புதிதாக வந்தவர். மகாராணி தேநீர் தம்ளரை வைத்துவிட்டு, “வெள்ளையா இருக்குற எடத்துக்குத்தான் ஐயா பயப்படணும்” என்றார்.

காரணம் இருந்தது. ஏலக்காய் எடுக்கும் காலத்தில் விடிவதற்கு முன்பே சிலமலைப் பெண்கள் தூக்குவாளியும் பிளாஸ்டிக் காகிதமுமாக விலக்குக்கு நடந்து வருவார்கள். அங்கே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத் திரும்புவார்கள். ஊருக்கும் விலக்குக்கும் நடுவே தென்னந்தோப்பை ஒட்டி ஒரு வளைவு. விளக்கில்லை. முன்பெல்லாம் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டு வந்தவர்கள், இப்போது வளைவுக்கு முன்னால் நின்று ஆள் சேர்த்துக்கொண்டு கடக்கிறார்கள் என்று ஜீப் டிரைவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “நாய்த் தொல்லை” என்றாராம் அவர்களில் ஒருவர்.

அந்த வாரமே சிலமலை மகளிர் குழுக் கூட்டத்துக்கு மகாராணி போனார். பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று பேசச் சொல்லித்தான் அழைத்திருந்தார்கள். பேசி முடித்து, “வளைவுல யாருக்காச்சும் எதுவும் நடந்துச்சா?” என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசி வரிசையில், தோட்ட வேலைக்குப் போகும் கருத்தம்மாள் மட்டும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்தியிருந்தார். வியர்வை வழிந்தும் எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு குழாயடியில் அவரைப் பிடித்தார். குடம் நிறைகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். பிறகு கருத்தம்மாளே முந்தானையைத் தளர்த்தினார். கழுத்தின் பக்கவாட்டில் காய்ந்துகொண்டிருந்த நீளமான சிராய்ப்பு.

“எத்தனை பேருத்தா?”

“ரெண்டு பேரு. பைக்குல. பின்னாடி இருந்தவன் எட்டி இழுத்தான்.”

“அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல?”

கருத்தம்மாள் குடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “போனது கவரிங்கு, ஏட்டம்மா. அசலு மக கல்யாணத்தோட போச்சு. அது வீட்டுக்காரருக்கும் எனக்குந்தான் தெரியும். கவரிங்கு போச்சுன்னு டேசன்ல எழுதிக் குடுத்தா நாளைக்கு ஜீப்புல எம்மொகத்தைப் பாத்து எல்லாவளும் சிரிப்பாளுக.”

“கவரிங்கை இழுத்தாலும் வழிப்பறிதான். கழுத்து ஒன்னோடதுதான?”

“வேணாம்மா. விட்டுரு.”

மகாராணி விட்டுவிடவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. நிலையத்துக்கு வந்து, அந்த வளைவில் விடியற்காலை ஆள் போட வேண்டும் என்று ஆய்வாளரிடம் கேட்டார். புகார் இருக்கிறதா என்றார் அவர். புகார் இல்லை. இருக்கிற ஆட்களை வைத்து பஜாரையும் பேருந்து நிலையத்தையும் சமாளிப்பதே பெரும்பாடு என்று செழியன் விளக்கினார். அதுவும் பொய்யில்லை. மகாராணி தன் ஸ்கூட்டரில், டியூட்டி இல்லாத விடியற்காலைகளில் மட்டும் வளைவு வரை போய் நின்றார். அவர் நின்ற நாட்களில் எதுவும் நடக்கவில்லை.

நடந்தது அவர் போகாத நாளில். ரேணுகா கல்யாணமாகி வந்து வருஷம் திரும்பாத பெண். மலையில் இரவெல்லாம் பெய்து, அன்றைக்கு ஜீப் தாமதமாகும் என்று தகவல் வந்ததால் மற்றவர்கள் மெதுவாகக் கிளம்பியிருந்தார்கள். அவள் ஒருத்தி தகவல் தெரியாமல் முந்தி வந்துவிட்டாள். அவள் கழுத்தில் கிடந்தது அசல் தங்கம், அம்மா போட்டுவிட்டது. பைக்கில் வந்தவன் இழுத்தபோது அவள் விடவில்லை. பைக்கோடு கொஞ்ச தூரம் இழுபட்டு விழுந்ததில் முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது.

அரசு மருத்துவமனையில் வாக்குமூலம் வாங்க மகாராணி போனபோது கட்டிலுக்குக் கீழே தரையில் கருத்தம்மாள் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக்குப் போகவில்லை. ரேணுகா மாவுக்கட்டுக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, “எனக்கு யாருமே சொல்லலை ஏட்டம்மா. தெரிஞ்சிருந்தா தனியா வந்துருக்க மாட்டேன்” என்றாள். யாரையும் குறை சொல்வதற்காகச் சொன்னதல்ல அது. ஆனால் கருத்தம்மாள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மகாராணி பின்னாலேயே போனார். கருத்தம்மாள் சுவரைப் பார்த்தபடி, “நான் வாயைத் தொறந்திருந்தா அந்தப் புள்ள கை நல்லா இருந்துருக்கும்” என்றார்.

“ஒடிச்சவன் அவன். நீ இல்ல.”

“அதெல்லாம் சரிதான். நாளைக்கு வர்றேன்.”

மறுநாள் அவர் தனியாக வரவில்லை. ஒரு ஜீப் லோடுப் பெண்கள் நிலையத்து வாசலில் இறங்கினார்கள். முந்தைய ராத்திரி கருத்தம்மாள் வீடு வீடாகப் போயிருந்தார். வந்தவர்களில் பாண்டீஸ்வரிக்கு ஆடி மாதமே சங்கிலி போயிருந்தது. ஒருத்திக்கு செல்போன். இன்னொருத்திக்குச் சங்கிலியோடு போகாமல், இழுத்தவன் மாரிலும் கை வைத்திருந்தான். அதை மகாராணியிடம் மட்டும், பக்கத்து அறையில், சுவரோரம் திரும்பி நின்று சொன்னாள். பைக்கின் புகைக்குழாய் ஓட்டையாகிப் படபடவென்று சத்தம் போடும் என்று அத்தனை பேரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். சங்கிலி போனவர்கள் எல்லோரும் சங்கிலி என்று மட்டுமே சொன்னார்கள், தங்கமா கவரிங்கா என்று சொல்லவில்லை. எத்தனை பவுன் என்று கேட்டபோது சிலர் மூன்று என்றார்கள், சிலர் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். மகாராணி பவுன் கணக்கை மட்டும் காலியாக விட்டு மற்றதை எழுதிக்கொண்டார்.

சுவர் வரைபடத்தில் வெள்ளையாக இருந்த ரோடு ஒரே நாளில் சிவந்துபோனது. செழியன் அதன் முன்னால் வந்து நின்றார். “மாவட்டக் கூட்டத்துல என்னைக் கேப்பாங்க ஏட்டம்மா. போன மாசம் ஒண்ணுமில்லை, இந்த மாசம் இத்தனையான்னு.”

“திருட்டு கூடலை ஐயா. சொல்றதுதான் கூடியிருக்கு. இப்பத்தான் அவுக நம்மளை நம்பி வந்துருக்காக.”

“அப்படியே சொல்றேன்” என்றார். சொன்னதாகவும், திட்டு விழுந்ததாகவும், பின்னாலேயே கூடுதலாக இரண்டு காவலர்களை அனுப்பியதாகவும் பிறகு தெரிந்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊராட்சியில் பேசி வளைவில் விளக்குப் போட்டார்கள். ஜீப் விலக்கில் நிற்காமல் ஊருக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றத் தொடங்கியது. “டீசலை நெனைச்சா வகுறு எரியுது” என்று முனகிக்கொண்டே டிரைவர் வந்தார். தென்னந்தோப்புக்குள் காத்திருந்த காவலர்கள், ஒரு மழைக் காலையில், படபடக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டு ரோட்டில் இறங்கி மறித்தார்கள். பிடிபட்ட இருவரும் வேறு ஊர்க்காரர்கள். ரேணுகாவின் சங்கிலியை அதற்குள் விற்று உருக்கியாயிற்று. மற்றவற்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள்.

அடையாளம் காட்டப் பெண்களை வரச் சொன்னார் மகாராணி. மாவுக்கட்டோடு ரேணுகாவும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். ஏழெட்டுச் சங்கிலிகள். எல்லாவற்றிலும் மெருகு போய், கண்ணிக்குக் கண்ணி பச்சைப் பாசி பூத்ததுபோல் களிம்பு ஏறியிருந்தது.

யாரும் கையை நீட்டவில்லை. ஒருத்தி மின்விசிறியைப் பார்த்தாள். ஒருத்தி செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தாள். வாசலில் ஏதோ லாரி நின்று ஆரன் அடித்து, போயும் விட்டது. மகாராணி யாரையும் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மறுபடி மூடினார்.

கருத்தம்மாள்தான் முன்னால் வந்தார். குவியலைக் கிளறி ஒன்றைத் தூக்கினார். “இது என்னுது. கவரிங்குதான்” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

பாண்டீஸ்வரியும் மேஜைக்கு வந்தார். பிறகு கண்ணாடி மணி கோத்த ஒன்றை எடுத்தார். “இது என்னுது.”

கருத்தம்மாள் திரும்பினார். “ஒங்க அண்ணே குவைத்துல இருந்து கொண்டாந்த அசல்னு சொன்ன?”

“நீ மட்டும் என்னாவாம்? மூணு பவுனுன்னு ஜீப்புல ஏறுறப்பல்லாம் எடுத்து வெளிய விட்டுக்கிட்டுத் திரிஞ்ச.”

மூன்றாவது பெண் முந்தானையால் வாயைப் பொத்தினாள், அடக்க முடியவில்லை. அவளிடமிருந்து அடுத்தவளுக்குத் தொற்றியது. வருஷக்கணக்காக ஒரே ஜீப்பில் தொடை இடிக்க உட்கார்ந்து வந்தவர்கள், ஒருத்திக்கொருத்தி மறைத்துவைத்ததைப் பார்த்து மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரேணுகா, “சிரிக்காதீகக்கா, கை வலிக்குது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கருத்தம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அதைச் சிரிப்பில் சேர்த்தே துடைத்தார்.

அப்போதுதான் வாசலில் கேமராவோடு ஒருவர் வந்து நின்றார். மீட்ட நகைகளைப் படம் எடுக்கப் பத்திரிகையிலிருந்து ஆள் வருவது எப்போதும் நடப்பதுதான். “மேடம், ஆளுக்கு ஒரு செயினைக் கையில புடிச்சு வரிசையா நிக்கச் சொல்லுங்க. நாளைக்குப் பேப்பர்ல நல்லா வரும்” என்றார்.

சிரிப்பு சட்டென்று நின்றது. கருத்தம்மாள் கையிலிருந்ததை மெல்ல மேஜையில் வைத்தார். பாண்டீஸ்வரியும் வைத்தார்.

மகாராணி தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அந்தக் குவியலின் மேல் கவிழ்த்தார்.