சுத்தமாக இருந்த கரை

என் மனைவி இறந்த நான்காவது மாதத்தில் நான் காற்றாடி விடக் கற்றுக்கொண்டேன்.

கல்லூரியில் நில அளவையியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மணவாள நகர் வீட்டில் பகல்கள் நகராமல் நின்றன. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஐந்தாறு பேர் காற்றாடியில் கேமராவைக் கட்டி, ஆலைக் கழிவு இறங்கும் ஏரிகளை மேலிருந்து படமெடுக்கிறார்கள் என்று என் முன்னாள் மாணவர் ஒருவர் சொன்னார். ட்ரோன் பறக்கவிட அனுமதி கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். காற்றாடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. படங்களை நிலத்தின் அளவோடு பொருத்தித் தர அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. போனேன்.

வேலை எளிமையானது. கரையோரம் ஐந்தாறு இடங்களில் வெள்ளை உரச் சாக்குகளை விரித்துக் கல் வைப்போம். அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்வோம். கேமராவை வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் பொருத்தி நூலில் தொங்கவிட்டால், சில நொடிகளுக்கு ஒருமுறை அது தானாகவே படமெடுக்கும். அவற்றைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்தால், சாக்குகளின் துணையால் அளவு பிசகாத வரைபடம் கிடைக்கும். தொழிற்பேட்டையில் லேத் இயந்திரம் ஓட்டும் ஒருவர்தான் எங்களுக்கு நூல் பிடிக்கக் கற்றுத்தந்தவர். "இறுக்கிப் புடிக்காதீங்க சார். அது இன்னா உங்க ஸ்டூடண்டா? கொஞ்சம் உட்டுப் புடிங்க" என்றார் முதல் நாளே.

ஆரம்பாக்கம் போகும் வழியில் ஓர் ஏரி இருந்தது. அதன் தென்கரையை ஒட்டி ஓர் ஆலையின் பின்சுவர். சுவருக்கு அடியிலிருந்து ஒரு வடிகால் ஏரிக்குள் இறங்கியது. மழைநீர் வடிகால் என்றது ஆலை. மழையே இல்லாத நாட்களிலும் அதில் நீர் வந்தது. அப்படி நீர் வந்த மறுநாள் மீன்கள் செத்து மிதந்தன. அந்த ஏரியில் கணவரோடு இருபது ஆண்டுகளாக வலை போட்டு வந்த ஐம்பது வயதுப் பெண் ஒருவர், மழைக்காலத்தில் ஏரி நிரம்புவதற்குள் வடிகாலை மூட வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார். இந்த நீரோடு ஏரி நிரம்பிவிட்டால் அடுத்து விடும் மீன்குஞ்சுகளும் பிழைக்கா என்பது அவருக்குத் தெரியும். அவர் செல்பேசியில் எடுத்திருந்த படங்களைப் பார்த்து, இது அந்த ஏரிதான் என்று எப்படி நம்புவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வடிகாலின் வாய், நிறம் மாறிய நீர், கரையில் ஒதுங்கிய மீன்கள் மூன்றும் ஒரே படத்தில் வேண்டும். அவர் எங்களைத் தேடி வந்தபோது விசாரணைக்குப் பத்து நாட்கள் இருந்தன.

ஒரு காலை அவர் அழைத்தார். கரை முழுக்க மீன் ஒதுங்கிக் கிடப்பதாகச் சொன்னார். மறுநாள் ஒன்பது மணிக்கு ஐந்து பேர் வருகிறோம் என்று மட்டும் சொன்னேன். கரையைத் தொட வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் போனபோது கரை பெருக்கப்பட்டிருந்தது. நீரோரம் நெடுக பிளீச்சிங் பவுடர் வெள்ளைக் கோடாகத் தூவியிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். விடியற்காலையிலிருந்து அவரும் இன்னும் நான்கு பெண்களும் மீன்களைக் கூடை கூடையாக அள்ளிக் குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். கைகளைக் கழுவிக்கொண்டு வந்து எங்களை உட்காரச் சொன்னார்.

"போன தபா ஆபீசர் வந்தாரு சார். நாத்தம் தாங்காம ஜீப்ப உட்டே எறங்கல. மூக்கப் பொத்திக்கினு அப்டியே திரும்பிப் பூட்டாரு. நீங்களும் போய்டக் கூடாதுன்னுதான்..."

எங்கள் முகங்களைப் பார்த்து அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். லேத்காரர் கரையில் குந்திவிட்டார். யாரும் அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ளவில்லை. எனக்கு அந்தத் தகுதி இருக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து என் மனைவியின் உடல் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நான் வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆக்சிஜன் குழாய், விரிப்புகள், மருந்துப் பட்டைகள், அவள் எழுந்து நிற்கப் பிடித்துக்கொண்ட நாற்காலி எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அகற்றினேன். துக்கத்துக்கு வந்தவர்கள் தூங்குவதுபோல இருக்கிறாள் என்றார்கள். அவள் நோயோடு இருந்த பதினொரு மாதங்கள் எப்படிக் கழிந்தன என்று சொல்ல வீட்டில் இப்போது ஒரு பொருளும் இல்லை.

அந்தப் பெண் மண்வெட்டியை எடுத்தார். "தோண்டி எடுத்து, எது எங்க கெடந்துச்சோ அங்கியே போட்டுடறேன் சார். எனக்கு எடம் தெரியும்."

வேண்டாம் என்றேன்.

"செத்தது நெசம். கெடந்த எடமும் நெசம். அப்றம் இன்னா சார் பொய்யி?" என்றார் லேத்காரர்.

"நாம வச்ச மீனை நாமே படம் எடுக்கக் கூடாது."

மாணவர்களிடம் பேசிய அதே குரலில் சொன்னேன். அந்தப் பெண் மண்வெட்டியைச் சுவரோரம் சாத்தி வைத்தார்.

அன்று காற்று நன்றாக இருந்தது. நாங்கள் எடுத்தவற்றிலேயே தெளிவான படம் அதுதான். வடிகாலின் வாயிலிருந்து சாம்பல் நிற நீர் நாக்குபோல ஏரிக்குள் நீண்டிருந்தது. கரை சுத்தமாக இருந்தது. குழியைத் திறந்தும் படமெடுத்தோம்.

விசாரணையில் ஆலைத் தரப்புப் பொறியாளர் படத்தின் தெளிவைப் பாராட்டினார். பிறகு கரைமேல் விரலை வைத்து, மீன்கள் எங்கே என்று கேட்டார். நிறம் பாசியாக இருக்கலாம் என்றார். குழிக்குள் எந்த ஏரியின் மீனையும் கொட்டலாம் என்றார். மனு முடித்து வைக்கப்பட்டது.

பேருந்து நிறுத்தம் வரை அந்தப் பெண் என்னோடு நடந்தார். "அன்னிக்கு நான் எடுத்துப் போட்டிருந்தா மூடியிருப்பாங்களா சார்?"

"மூடியிருக்கலாம்" என்றேன். வேறு பதில் சொல்வது மரியாதையாக இருந்திருக்காது. அவர் தலையசைத்துவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

ஐப்பசி தொடக்கத்தில் மறுபடியும் அழைத்தார். "சார், இந்த தபா ஒன்னையும் தொடல. ஒருத்தரையும் தொட உடல. வாங்க."

இரண்டு நாட்களாக மீன்கள் கிடந்தபடியே கிடந்தன. நாற்றத்தால் அருகிலிருந்த வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. அக்கம்பக்கத்தினர் திட்டத் திட்ட, அவர் கம்போடு கரையிலேயே நின்று நாய்களைத் துரத்தியிருந்தார். நாங்கள் சாக்குகளை விரித்தோம், அளந்தோம். வடிகாலில் நீர் வந்துகொண்டிருந்தது. நாங்கள் கேட்ட மூன்றும் கண்முன்னே ஒன்றாக இருந்தன. காற்று மட்டும் இல்லை. மழைக்கு முந்தைய அந்த நாட்களில் ஓர் இலைகூட அசையாது. லேத்காரர் காற்றாடியோடு கரையில் நான்கு முறை ஓடினார். ஆள் உயரம் எழும்பி நான்கு முறையும் விழுந்தது. அந்தப் பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பனை உச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிவாக்கில் ஓலைகள் அசைந்தன. அது மழையோடு வந்த காற்று.

"கேமரா போனா போவட்டும் சார்" என்று லேத்காரர் காற்றாடியை விட்டார். நூல் என் கையில் இருந்தது, நனைந்து கனத்தது, விரலை அறுத்தது. மேலே பார்த்தேன், நூல் மழைக்குள் போனது தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கீழே, கரையிலிருந்த மீன்கள் ஓடுநீரில் வழுக்கி, ஒவ்வொன்றாக ஏரிக்குள் இறங்கத் தொடங்கின. அந்தப் பெண் முழங்காலளவு நீரில் இறங்கி நின்று, இரு கைகளாலும் அவற்றைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளக்கூடாது என்று இம்முறை நான் சொல்லவில்லை.