பேனா பிடிக்காத கை

எங்கள் பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்காது. அன்று காலை பிரார்த்தனை நேரத்தில் நின்றது. கண்டக்டர் இறங்கி என்னை நோக்கி நடந்து வந்தார். "டீச்சர், கடைக்கார ஜமீலாம்மா தவறிட்டாங்க. சேலம் ஆஸ்பத்திரியில, விடியக்காலம்" என்றார். பிள்ளைகள் பாடிக்கொண்டே இருந்தார்கள். நான் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாழவந்தியில் ஜமீலாவை அறியாதவர் யார்? மளிகைக் கடைக்காரரின் மனைவி, விலங்கியல் பட்டதாரி, மகள் பர்வீனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்த பிடிவாதக்காரி. ஊர் முழுக்க அவரைப் பயமறியாதவர் என்கிறது. அந்த ஒன்றில் மட்டும் எனக்கு ஊரோடு உடன்பாடில்லை.

பர்வீனை நான் முதலில் பார்த்தபோது அவளுக்கு ஏழு வயதிருக்கும். "அந்தப் பிள்ளையைக் கூட்டி வாங்க" என்று தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. போகாவிட்டால் அவர் திட்டுவார், போனால் இந்த அம்மா திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டே போனேன். ஜமீலா திட்டவில்லை. "ஏனுங்க டீச்சர், பனி எறங்குனா இவளுக்கு இளைப்பு வந்துருது. ஒரு வருசம் ஊட்டுலயே வெச்சுச் சொல்லிக் குடுக்கறேனுங்க" என்றார். குழந்தை ஓர் ஆரஞ்சைத் தண்ணீர்க் குண்டாவில் போடப் போனாள். ஜமீலா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல நெனப்பச் சொல்லு. அப்புறம் கை வை."

"முழுகும்."

மிதந்தது. தோலை உரித்துப் போட்டால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி. மிதக்கும் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். முழுகியது. தாயும் மகளும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் போன காரியமே மறந்துவிட்டது. அந்த ஒரு வருடம் அப்படியே நீண்டது. சனிக்கிழமையானால் நானும் அந்த வீட்டில் ஒரு மாணவி.

காப்பிப் பழம் சிவந்திருந்த ஒரு சனிக்கிழமை அது. வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிகளுக்கு நடுவே நாங்கள் மூவரும் நின்றிருந்தோம். பர்வீன் ஒரு செடியின் முன்னால் நின்றாள். கிளையில் பச்சையாக ஏதோ சுற்றிக்கொண்டு கிடந்தது. தலை இலைக்கு அடியில் இருந்தது. வேறு எந்த வீட்டுக் குழந்தையும் அலறிக்கொண்டு ஓடியிருக்கும். இவள் பாடத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். "அம்மா, என் நெனப்பு, கண்கொத்திப் பாம்பு, வெசமில்லாதது" என்று சொல்லிவிட்டுக் கை வைத்தாள்.

ஜமீலா வாய் திறப்பதற்குள் அது திரும்பிக் கடித்துவிட்டது. முக்கோணத் தலை. பழம் பறிக்கும் பெண்கள் பேரைச் சொல்லவே அஞ்சுகிற பச்சை விரியன்.

எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினோம். ஜமீலா நடுவில், வலப்பக்கம் குழந்தை, இடப்பக்கம் நான். ஜமீலா பேனாவை எடுத்து, பர்வீனின் கையில் வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினார். வீக்கம் கோட்டைத் தாண்டும். இன்னொரு கோடு போடுவார்.

"எப்படி இருக்குது கண்ணு?"

"எரியுதும்மா."

"எது வரைக்கும்?"

குழந்தை தொட்டுக் காட்டினாள். பாடம் நடக்கிறது என்றே நினைத்தாளோ என்னவோ, அழக்கூட இல்லை. ஆனால் முந்தானைக்கு அடியில் ஜமீலாவின் இடது கை என் கையைப் பிடித்திருந்தது. அது நடுங்கிய நடுக்கம் என் தோள்வரை ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நகங்கள் இன்னும் ஆழமாக இறங்கின. நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். கோடு முழங்கையைத் தாண்டியது. என் பாழும் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க நெனப்பு என்னங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என் காதருகே குனிந்தார். "இன்னிக்கு வேண்டாமுங்க டீச்சர். சொன்னா, அது நெசமான்னு பாக்கோணுமில்லீங்க."

அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் டாக்டர் வைத்தியத்தைத் தொடங்கினார். பர்வீன் பிழைத்தாள். வீடு திரும்பிய பிறகு, "போதுமுங்க ஜமீலா, பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிருங்க" என்று நான் கெஞ்சினேன். "எனக்கும் நொம்பப் பயமா இருக்குதுங்க" என்றார் அவர். "நான் சொல்லிக் குடுத்த பாடந்தான அவளக் கடிச்சுது. அதத் திருத்தாம உட்டுட்டு எங்கீங்க அனுப்பறது?" மறுநாள் மகளை உட்கார வைத்துப் பாடத்தைத் திருத்தினார். "மொதல்ல நெனப்பச் சொல்லு. அது தப்பா இருந்தா என்ன ஆகும்னு சொல்லு. அப்புறம் கை வை." அந்த நடு வாக்கியத்தை இன்றுவரை என் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண்டக்டர் சேதி சொன்ன அன்றே பஸ் ஏறி ஜமீலாவின் வீட்டுக்குப் போனேன். இப்போது கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பர்வீன் தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "அம்மாவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுங்க டீச்சர். அன்னிக்கு ஜீப்புலகூடப் பாடம் நடத்திட்டேதான் வந்தாங்க" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. பேனா பிடிக்காத அந்தக் கையைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

அவள் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "உங்களோட எந்தக் கையப் புடிச்சாங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

என் வலது கையை நீட்டினேன். ஜமீலா எனக்கென்று விட்டுப்போன அந்தப் பிடி அதில்தான் இருக்கிறது. பர்வீன் அதைப் பிடித்தாள்.

"இவ்வளவு இறுக்கமாவா?"

"இன்னும், கண்ணு" என்றேன்.