ஓக்கி அக்காவின் சாக்லேட் காபி

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நான் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இதுதான் வேலை. ஆனால் படியேறிப் போகிறவர்கள் கையில் என்ன பை, முகத்தில் என்ன சேதி என்று பார்க்காவிட்டால் எனக்கு ஊசியில் நூல் ஏறாது. வம்புக்காரி என்று கொரியாவின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் எங்கள் மொக்போ ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் வம்புக்காரியாக இல்லாமல் போயிருந்தால் மூன்றாம் மாடி ஓக்கி அக்கா வீட்டில் என்ன ஆகியிருக்குமோ.

அக்காவுக்கு ஒரு தொடக்கப்பள்ளிச் சமையலறையில் வேலை. அண்டா அண்டாவாகச் சூப் காய்ச்சிவிட்டு மூன்று மணிக்கு வீடு திரும்புவாள். வந்ததும் படுப்பாளா என்றால் மாட்டாள். சாக்லேட் காபியில் இறங்கிவிடுவாள்.

அந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவள் மகள். சியோலிலிருந்து வந்தவள் அம்மாவைத் துறைமுகப் பக்கத்துக் காபிக் கடைக்குக் கூட்டிப்போய், மேலே நுரையும் சாக்லேட் கோடுகளுமாக மோக்கா என்கிற சாக்லேட் காபி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அக்கா ஒரு வாய் குடித்தாள், விலைப் பலகையைப் பார்த்தாள், கப்பைக் கீழே வைத்தாள்.

"இந்தக் காசுக்கு ஒரு முழுக் கோழி வாங்கலாம்டி. இதுல அப்படி என்னதான் இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அவள் வீட்டிலேயே பதில் தேட ஆரம்பித்தாள். முதலில் கடையில் விற்கும் சாக்லேட் கேக் ஒன்றை, பாக்கெட்டில் வரும் மிக்ஸ் காபியைச் சூடாகக் கலந்து அதில் போட்டுக் கரைத்தாள். நடுவில் இருந்த வெள்ளைப் பசை சோப்பு நுரை மாதிரி மிதந்தது. எனக்குத்தான் குடிக்கக் கொடுத்தாள். அடுத்து நவம்பர் வந்தது. கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சாக்லேட் கொடுப்பார்கள், தேர்வு முடிந்த பிறகு அது வீட்டுக்கு வீடு சீந்த ஆளில்லாமல் கிடக்கும். அக்கா ஒரு பையை எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போனாள். "வேண்டாதத எங்கிட்ட குடுங்க. பிள்ளை பாஸாயிடும்." சேர்ந்ததையெல்லாம் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, சோறு சூடாக இருக்கும் ரைஸ் குக்கருக்குள்ளேயே வைத்து உருக்கினாள். அடுப்புச் செலவு மிச்சம். ஆனால் இரண்டு நாளைக்குச் சோறு முழுக்கச் சாக்லேட் மணந்தது.

கிசூ மாமா, அவள் கணவர், அந்தச் சோற்றைக் கிம்சி ஊறுகாயோடு வாயில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இன்னைக்கு யாருக்குப் பொறந்த நாள்?"

கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. சந்தையில் பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் இனிப்பில்லாத கோகோத் தூள் எடை போட்டுக் கிடைக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைப்பாள். அந்தப் பசை மேல் மிக்ஸ் காபி. பாலை மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் கை வலிக்கக் குலுக்கினால் நுரை தயார். ஒரு சிட்டிகை உப்பும் உண்டு, அதை யாருக்கும் சொல்ல மாட்டாள். கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் அவள் வீட்டுச் சமையலறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து குடித்தோம். கடை மோக்காவை விட நன்றாக இருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது கப் கேட்கலாம், யாரும் பில் நீட்ட மாட்டார்கள்.

கிசூ மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே டாக்ஸி ஓட்டுகிறவர். அவருடைய ரத்தத்தில் பாதி மிக்ஸ் காபிதான். மஞ்சள் நிறத்தில் விரல் நீளத்துக்கு வரும் பாக்கெட், மேலே காபித் தூள், நடுவில் பால்பொடி, அடியில் சர்க்கரை. பல்லால் கிழித்துக் காகிதக் கப்பில் கொட்டி, வெந்நீர் பிடித்து, அதே பாக்கெட்டை உள்ளே விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் காபி. கரண்டி கேட்கிறவனை டாக்ஸி ஸ்டாண்டில் புது மாப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். மாமா ஒவ்வொரு சவாரிக்கும் ஒன்று குடித்துக்கொண்டிருந்தார்.

போன வருடக் கடைசியில் அவருக்குத் தெருப்பலகைகள் மங்கலாகத் தெரிந்தன. மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது, கண்ணுக்குள்ளும் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. மூன்று மாதத்தில் சர்க்கரையை இறக்கியே ஆக வேண்டும், கண் இதற்கு மேல் கெட்டால் வண்டி ஓட்டுவதை மறந்துவிடலாம் என்றார் டாக்டர். மாமா அன்றைக்குப் படியேறும்போது என் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா மறுநாளே வீட்டிலிருந்த சர்க்கரை, தேன், ஜாம் எல்லாவற்றையும் எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டாள். காபிக்கூட்டமும் நின்றது. அவர் விடும்போது தான் குடிப்பது நியாயமில்லை என்று அவளும் காபியை விட்டாள். ஆனால் அவரிடமிருந்து காபியை ஒரேயடியாகப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வெறும் கறுப்புக் காபி போட்டுக் குடுத்தா கஷாயம்ங்கறாரு. அந்த மனுஷனுக்கு வண்டிய விட்டா காபிதான்டி. ரெண்டையும் ஒண்ணா எப்படிப் பிடுங்குறது?"

அதனால் அவருக்கென்று ஒரு சாக்லேட் காபி செய்தாள். மிக்ஸ் பாக்கெட்டின் அடியில்தான் சர்க்கரை இருக்கிறது என்பதால், அந்த வாலை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டினால் காபியும் பால்பொடியும் மட்டும் விழும். சர்க்கரை பாக்கெட்டிலேயே நிற்கும். எங்கள் ஊரில் இனிப்புக் குறைவாக வேண்டும் என்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் கொட்டுவார்கள். சர்க்கரை இல்லாத குறையைக் கோகோ மறைத்துவிடும் என்பது அவள் கணக்கு. காலையில் நீலக் கப்பில் ஒன்று, வண்டிக்கு ஒரு பிளாஸ்க், சாயங்காலம் வந்ததும் ஒன்று.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாளாம்.

"இனிப்பாத்தான் இருக்கு," என்றாராம்.

"எல்லாம் கோகோ பண்ற வேலை!" என்று என்னிடம் வந்து பீற்றிக்கொண்டாள். சர்க்கரைதான் இல்லையே என்று பிளாஸ்க்கையும் பெரிதாக மாற்றினாள்.

மூன்று மாதம் முடிந்தது. சர்க்கரை இறங்கவில்லை, ஒரு படி ஏறியிருந்தது. "வெளியில ஏதாவது இனிப்பாக் குடிக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் மாமா தலையைக் குனிந்துகொண்டாராம். அது போதுமே அக்காவுக்கு. அன்றைக்கு அவள் போட்ட சத்தம் கீழே என் தையல் மெஷினைத் தாண்டிக் கேட்டது.

"யோவ், வாய ஊது! ஸ்டாண்டுல மெஷின் இருக்கில்ல? நூறு வோன் காசப் போட்டு நல்லா உறிஞ்சறியா? நான் இங்க சொட்டுக் காபி குடிக்காம கெடக்கேன், நீ அங்க ஊர்க் காபியெல்லாம் குடி!"

"குடிக்கலம்மா."

"பின்ன சர்க்கரை வானத்துலேருந்தா விழுந்துச்சு?"

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றது. சேதியெல்லாம் மீரான் என்கிற என் வழியாகத்தான் போய்வந்தது. "மீரான், அவர்கிட்ட சொல்லு, மாத்திரை மேசை மேல இருக்கு." "மீரான், அவகிட்ட சொல்லு, நான் பார்த்துட்டேன்." அவள் முறைத்துக்கொண்டே பிளாஸ்க்கை வைத்தாள். அவர் முறைக்காமல் எடுத்துக்கொண்டு போனார். சோற்றைப் பாதியாகக் குறைத்தார், பழத்தைத் தொடவில்லை, ரொட்டி வேண்டாம் என்றார். சட்டை தோளில் தொங்கியது. அடுத்த பரிசோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறையும் இறங்காவிட்டால் வண்டிச் சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்று அக்கா என் வழியாகவே சொல்லி அனுப்பினாள்.

எனக்கோ தலை வெடித்தது. இந்த மனிதர் குடிக்கிறாரா, இல்லையா? தெரியாமல் எப்படித் தூங்குவது? சந்தைக்கு ஜிப் வாங்கப் போகிறேன் என்று அவர் வண்டியிலேயே ஏறினேன். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர்கள் மெஷினைச் சுற்றிக் காகிதக் கப்பும் கையுமாக நின்றார்கள். ஒருவன் மாமாவிடம் ஒரு கப்பை நீட்டினான்.

"வேணாம்ப்பா," என்றார் மாமா. "எனக்குன்னு ஒருத்தி வீட்டுல காபி போட்டுக் குடுத்திருக்கா."

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். "நீ பின் சீட்டுல இருக்கேன்னு நடிச்சிருப்பாரு," என்றாள். எனக்குக் கோபமாக வந்தது. நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் இத்தனை வருஷம் ஊர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

வியாழக்கிழமை மறுசுழற்சிக் குப்பை போடும் நாள். அக்கா பிளாஸ்டிக் உறைகளை ஒளி ஊடுருவும் பையில் கட்டிக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வழக்கம்போல நான் அதையும் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாக மிக்ஸ் பாக்கெட்டுகள். எல்லாம் தட்டையாக, சுத்தமாக, ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு எறும்பு கிடையாது. பையை அமுக்கிப் பார்த்தேன். நெறுநெறு என்று ஒரு சத்தமும் இல்லை.

அப்படியானால் சர்க்கரை எங்கே?

கடையைப் பூட்டாமலே மூன்று மாடி ஏறினேன். மாமாவுக்கு அன்று விடுமுறை, வரவேற்பறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா சமையலறையில் இருந்தாள்.

"அக்கா, நீ பிடிச்சு வைக்கிற சர்க்கரையெல்லாம் எங்க போடுறே?"

"அது எதுக்கு நமக்கு? பாக்கெட்டோடயே குப்பைக்குத்தான்."

"பாக்கெட்டெல்லாம் காலியா கெடக்கு."

"ஒனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா? வீட்டுல ஒருத்தருக்குப் போனது போதும்."

"ஒரு காபி போடு. நான் பார்க்கணும்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே நீலக் கப்பை எடுத்தாள். கோகோவைக் குழைத்தாள். பாக்கெட்டைக் கிழித்து, வாலை இரண்டு விரலால் நெரித்துப் பிடித்து, கப்பில் கவிழ்த்தாள். காபியும் பால்பொடியும் விழுந்தன. நிமிர்த்தி என் மூக்குக்கு நேரே காட்டினாள். அடியில் சர்க்கரை அப்படியே நின்றது.

"பார்த்தியாடி? ஒரு பரல் கீழ விழல. இந்தக் கையப் பத்தி என்ன நெனச்சே?" என்று சொல்லிக்கொண்டே கெண்டியிலிருந்து வெந்நீரை ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் அந்தக் கை, அவள் இன்னும் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, பாக்கெட்டைத் தலைகீழாக்கி அதன் கிழிந்த வாயைக் கப்புக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றியது.

"அக்கா," என்றேன். "கைய அப்படியே நிறுத்து."

அவள் கீழே பார்த்தாள். பாக்கெட்டை மெதுவாக வெளியே எடுத்தாள். நுனியிலிருந்து காபி சொட்டியது. வாலைத் தடவினாள், உதறினாள், உள்ளே எட்டிப் பார்த்தாள். சர்க்கரை இல்லை. முகம் வெளுத்துவிட்டது.

"நானா?" என்றாள். "நானேவா இத்தனை நாளும் கரைச்சுக் குடுத்தேன்?"

மாமா எழுந்து சமையலறை வாசலுக்கு வந்திருந்தார். அவருக்கு நேராகத் திரும்பி, பல வாரங்களுக்குப் பிறகு முதல் முறையாக, அக்கா அவரிடம் பேசினாள்.

"ஒங்களுக்கு இனிப்புத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

மாமா கழுத்தைச் சொறிந்தார். "மனசு கேக்காம நீயே கொஞ்சம் சர்க்கரை போடுறேன்னு நெனச்சேன். டாக்டர் முன்னாடி அதைச் சொன்னா ஒன்னை இல்ல திட்டுவாரு? அதான் வாயத் தொறக்கல."

"நான் ஒங்களத் திட்டுனேனே? வாய ஊதச் சொன்னேனே?"

"அது வீட்டுக்குள்ளதானே," என்றார். "காபிக்குப் பதிலாத்தான் சோத்தக் கொறச்சேன். ஈடு கட்டிடும்னு பார்த்தேன்."

அக்கா பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்து அவர் மார்பில் அடித்தாள். "பைத்தியக்கார மனுஷா! கண்ணு போயிருந்தா? கண்ணு போயிருந்தா என்னய்யா பண்ணியிருப்பே?" அடித்துக்கொண்டே அழுதாள். அவர் நகராமல் வாங்கிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. அவ்வளவு அழுகையிலும் அந்தக் காபியில் என் சுண்டு விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். பாயசம்தான்.

அக்கா கப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தாள். கோகோவைக் குழைத்தாள், வாலைப் பிடித்துக் கவிழ்த்தாள், வெந்நீர் ஊற்றினாள். அவள் கை பாக்கெட்டோடு கப்பை நோக்கி இறங்கியது. மாமா அதை அவள் விரல்களுக்கிடையிலிருந்து உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து ஒரு கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.

அவள் கலக்கிக் கொடுத்ததை ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"கசக்குது," என்றார்.

"ஊத்திடவா?"

"கைய வைக்காதே," என்று சொல்லிவிட்டு, கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடிவரை குடித்தார்.